சைக்கிள் கட்டு இலக்கணம்

பாயிரம்

நூல் என்று ஒன்று இருந்தால் பாயிரம் என்று ஒன்றும் இருக்க வேண்டும். பாயிரம் இல்லாத நூல் ரசீது இல்லாத பார்சலை ஒக்கும்: போய்ச் சேர்ந்தாலும் சேரும், யாருடையது என்று கேட்டால் பதில் இராது. ஆகவே சிறப்புப்பாயிரத்துக்கு நன்னூலார் வகுத்த எட்டு உறுப்புகளையும் முதலில் தீர்த்துவிடுவோம்.

ஆக்கியோன் பெயர், மார்க்கர் பேனாவில் எழுதிச் சாக்கில் தைக்கப்பட்டதால் வழியில் அழிந்துபோயிற்று. வழி: ரயில்வே விதிப்புத்தகம் முதல்நூல், போர்ட்டர்களின் வாய்மொழி வழிநூல், இரண்டும் முரண்படும் இடத்தில் வழிநூலே வலியது. எல்லை: வடக்கே கொச்சுவேளி, தெற்கே நேமம். 2024-ல் முன்னது திருவனந்தபுரம் நார்த் என்றும் பின்னது திருவனந்தபுரம் சவுத் என்றும் பெயர் மாறியதால், எல்லை வகுக்கும் வேலையை ரயில்வேயே நமக்கு முடித்துக் கொடுத்துவிட்டது. நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, தொகுத்தலும் விரித்தலும். நுதலிய பொருள், ஊர் சுற்றப் புறப்பட்ட சைக்கிளைப் பொது வாகனத்தில் ஏற்றுவது. கேட்போர், காஷ்மீரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை மிதித்து வந்து, முக்கடலின் முன் நின்று போட்டோ எடுத்து முடித்த மறுநொடியில் ‘இந்த வண்டியை இனி எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது’ என்று முதன்முதலாக யோசிக்கிறவர். பயன் கடைசியில் வரும்.

அரங்கேற்றம் பற்றி ஒரு சொல். தொல்காப்பியத்தைக் கேட்டுத் தேர்ந்தவர் அதங்கோட்டாசான் என்று அதன் பாயிரம் கூறும். அதங்கோடு என்ற ஊர் இன்றும் குழித்துறைப் பக்கம் இருக்கிறது. ஆசான் எங்களூர்க்காரர்தான் என்று அவ்வூரார் உரிமை கொண்டாடுவர். 1956 நவம்பர் 1 வரை அந்தப் பகுதி முழுவதும் திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டது. அவ்வளவு பொறுமையுள்ள ஆசான் இப்போது கிடைக்காமையால், இந்நூல் திருவனந்தபுரத்துத் தம்பானூர்ச் சாலையோரத்தில் அரங்கேறிற்று.

தம்பானூர் ஏன் எனின், 1931-ல் கருங்கல்லில் எழுந்த ரயில் நிலையம் சாலைக்கு இந்தப் பக்கம், கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் (கே.எஸ்.ஆர்.டி.சி.) மத்திய பஸ் நிலையம் அந்தப் பக்கம். ரயில் மறுத்தால் பஸ், பஸ் மறுத்தால் ரயில் என்று ஒரே சாலையைக் குறுக்கே கடந்து கடந்து ஆய்வு நடத்த இதைவிட வசதியான இடம் தென்னாட்டில் இல்லை என்க.

வண்டியியல்

வண்டி மூவகைப்படும்: முழுவண்டி, கழற்றுவண்டி, மடக்குவண்டி.

முழுவண்டி என்பது கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, செயின் கவர், மணி ஆகிய ஐந்துறுப்பும் குறைவின்றி அமைந்தது. 1949-ல் தொடங்கப்பெற்று அம்பத்தூரில் சைக்கிள் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் முதலானோர் இந்த நாட்டுக்கு வழங்கிய வடிவம் இதுவே. இதைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும், சுத்தியல் வேண்டும், சில நட்டுகளுக்கு மண்ணெண்ணெயும் பிரார்த்தனையும் வேண்டும். ஆகவே இது கழற்றப்படுவதில்லை. நின்ற கோலத்திலேயே பயணம் செய்யும்.

கழற்றுவண்டி என்பது கியர் உள்ளது, விலை உள்ளது, உரிமையாளருக்குத் தூக்கம் இல்லாதது. இதன் சக்கரம் ஒரு நெம்புகோலைத் திருப்பினால் கையோடு வரும். மற்ற உறுப்புகள் அலன் கீ என்னும் அறுகோணச் சாவிக்குக் கட்டுப்பட்டவை.

மடக்குவண்டி என்பது தன்னைத்தானே கட்டிக்கொள்வது. லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி 1970-களில் வடிவமைத்த பிராம்ப்டன் இதன் தலையாய சான்று. 20 அங்குலச் சக்கரம் வைத்து இங்கே விற்கும் வகைகளும் உள. அவை மடங்கும், ஆனால் மடங்கிய பிறகும் சைக்கிள் என்று தெரியும்.

இனி, சைக்கிள் உயர்திணையா, அஃறிணையா என்று ஒரு வினா உண்டு. பெயர் சூட்டி, அவள் இவள் என்று பேசி, மழையில் தான் நனைந்து அதற்கு உறை போர்த்துவதால் உயர்திணையே என்பார் ஒரு சாரார். எடை போட்டு, எண் எழுதி, சாக்கில் தைத்து அனுப்புவதால் அஃறிணை என்பார் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தும். ஓடும்போது உயர்திணை, கட்டும்போது அஃறிணை, வளைந்து வந்து சேர்ந்தால் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்னும் மூன்றாம் திணை.

திணையியல்

சைக்கிளுக்கு இயற்கையான நிலம் ஒன்றே, சாலை. அதைவிட்டு வேறொரு வாகனத்தில் ஏறும்போதுதான் அதற்குத் திணை பிறக்கிறது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் மூன்றனுள் இங்கே உரிப்பொருளே தலைமையானது. எந்த வாகனம் என்பதைவிட, ஏற்றும் நேரத்தில் ஆளுக்கும் வண்டிக்கும் இடையே என்ன நிகழ்கிறது என்பதைக் கொண்டே திணை கூறப்படும். அவை அகம் ஐந்து, புறத்தே இரண்டு, ஆக ஏழு.

பாலை. உரிப்பொருள், பிரிதல். நிலம், பார்சல் அலுவலகமும் அதிலிருந்து நடைமேடையின் கடைக்கோடி வரை உள்ள வெயிலும். சிறுபொழுது, மரபுப்படியே நண்பகல். கருப்பொருள்கள்: தராசு, கோணி ஊசி, சணல், வைக்கோல், நான்கு சக்கரத் தள்ளுவண்டி, மீன் பெட்டி. ரயிலின் பிரேக் வேனில் சைக்கிள் ஏற, ஆள் வேறு பெட்டியில் ஏறுவது இத்திணை.

இது இரண்டு துறைகளை உடையது. ஒன்று உடன்போக்கு, அதாவது லக்கேஜ். பயணச்சீட்டைக் காட்டிப் பதிந்தால் ஆள் போகும் ரயிலிலேயே வண்டியும் போகும். இதற்கு ரயில் புறப்பட அரைமணி நேரத்துக்கு முன்பாவது வண்டியோடு லக்கேஜ் அலுவலகத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. ஒன்றரை மணி நேரத்துக்கு முன் நிற்க வேண்டும் என்பது வழக்கு. மற்றொன்று பொருள்வயிற் பிரிவு, அதாவது பார்சல். இதற்குப் பயணச்சீட்டு வேண்டியதில்லை. வண்டி மட்டும் தனியே போகும், எந்த ரயிலில் இடம் கிடைக்கிறதோ அதில். பிரேக் வேனின் பகுதிகளைத் தனியார் மொத்தமாகக் குத்தகைக்கு எடுப்பதும் உண்டு. அப்படி எடுத்த ரயிலில் ஒற்றைச் சைக்கிளுக்கு இடம் இருக்கிறதா என்பதை முந்தைய நாளே விசாரித்து வைப்பவரே தலைமக்கள்.

முறை வருமாறு. ஃபார்வர்டிங் நோட் என்னும் படிவத்தை நிரப்புக. அடையாள அட்டையின் நகலையும் பயணச்சீட்டின் நகலையும் இணைக்க. எடை போடுக. பணம் கட்டுக. ரசீது பெறுக. சேரும் ஊரின் குறியீட்டையும் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வண்டியின் இரண்டு இடங்களிலாவது எழுதித் தொங்கவிடுக; ஓர் அட்டை கிழியும் என்பது துணிபு. குறியீடுகளை மயங்கற்க. திருவனந்தபுரம் டி.வி.சி.; கன்னியாகுமரி இன்றும் கேப். சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ்., எழும்பூருக்கு எம்.எஸ். ஓர் எழுத்து தவறினால் தலைவன் எழும்பூரிலும் தலைவி சென்ட்ரலிலும் இருப்பர்.

கட்டணத்தில் ஒரு நுட்பம். ஸ்லீப்பர் பயணிக்கு 40 கிலோவும் ஏ.சி. முதல் வகுப்புப் பயணிக்கு 70 கிலோவும் இலவசச் சுமை உண்டு. ஆனால் சைக்கிள், ஸ்கூட்டர் முதலியவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. எழுபது கிலோ துணிமணி இலவசம், பதினான்கு கிலோ சைக்கிளுக்குக் காசு. இதற்குக் காரணம் யாதோ எனின், துணிமணி பயணியோடு போவது, சைக்கிள் பயணிக்குப் போட்டியாகப் போவது என்று ரயில்வே கருதியது போலும்.

ரசீதின் சிறப்பைச் சொல்லாமல் பாலை முடியாது. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 100-ஆம் பிரிவில், ஊழியர் ஒருவர் பதிந்து ரசீது கொடுத்தாலொழிய லக்கேஜ் தொலைந்ததற்கு ரயில்வே பொறுப்பாகாது என்கிறது. ஆகவே கார்டிடம் சொல்லிப் பிரேக் வேனில் சும்மா சாய்த்துவிட்டுப் போவது பாலையன்று, பரதேசம். கார்டு என்ற பெயரும் 2022-ல் ட்ரெயின் மேனேஜர் என்று மாறிவிட்டதால், பழைய பழக்கத்தைச் சொல்லிக் காரியம் சாதிப்பதும் கடினமாகிவிட்டது.

முல்லை. உரிப்பொருள், இருத்தல். பொழுது, மாலை. பார்சலாகப் போன வண்டி வரும்வரை சேர்ந்த ஊரில் காத்திருப்பது. ஒவ்வொரு ரயிலும் வரும், பிரேக் வேன் திறக்கும், பூக்கூடையும் மோட்டார் சைக்கிளும் இறங்கும், நம் வண்டி இறங்காது. தோழியின் இடத்தில் நடைமேடை டீக்கடைக்காரர் இருந்து, ‘ராத்திரி வண்டியில் வந்துவிடும்’ என்று ஆற்றுவிப்பார். இத்திணையில் ஓர் அநீதி உண்டு. வந்த சரக்கைக் குறித்த நேரத்துக்குள் எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் என்று கட்டணம் வாங்குவர். அதாவது வண்டி ஆளுக்காகக் காத்திருந்தால் காசு உண்டு. ஆள் வண்டிக்காகக் காத்திருந்தால் காசு இல்லை, அனுதாபமும் இல்லை.

குறிஞ்சி. உரிப்பொருள், புணர்தல். பொழுது, யாமம். ஆளும் வண்டியும் ஒரே பெட்டியில், ஒரே பெர்த்துக்கு மேலும் கீழுமாக இரவைக் கழிப்பது. இது மடக்குவண்டிக்கே உரியது. குறிஞ்சியின் கைகோள் களவு என்பது முன்னோர் முடிவு. அது இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. எங்ஙனம் எனின், பயணிப் பெட்டியில் கொண்டுபோகும் பெட்டியின் உச்ச அளவு 100 × 60 × 25 சென்டிமீட்டர். மடக்கிய பிராம்ப்டனின் அளவு ஏறத்தாழ 64.5 × 58.5 × 27. உலகின் மிகச் சிறிதாக மடங்கும் சைக்கிள்களுள் ஒன்று இந்திய ரயில்வேயின் விதியை இரண்டு சென்டிமீட்டரால் மீறுகிறது! மூன்றடுக்கு ஏ.சி. பெட்டிக்கும் ஏ.சி. சேர் காருக்கும் வரம்பு இன்னும் குறுகியது, 55 × 45 × 22.5. அங்கே பிராம்ப்டன் மூன்று திசையிலும் குற்றவாளி.

ஆயினும் அதற்கு ஒரு துணிப்பை மாட்டிவிட்டால் அந்த இரண்டு சென்டிமீட்டரை யாரும் அளப்பதில்லை. செவிலியாகிய டி.டி.இ. பலமுறை கடந்து போவார், ஐயுறார். எதிர் இருக்கைக்காரர் மட்டும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி, ‘அது பெட்டி இல்லை ஸார், சைக்கிள். இப்பதான் மடக்கினார், நான் பார்த்தேன்’ என்று அறத்தொடு நிற்பார். அப்போது களவு வெளிப்பட்டுக் கற்பாகும், அதாவது கட்டணமாகும்.

மருதம். உரிப்பொருள், ஊடல். பொழுது, விடியல். நிலம், பஸ் நிலையம். கூரையில் கேரியரும் பின்புறம் ஏணியும் இருந்த காலத்தில் பஸ்ஸில் ஊடலே இல்லை. வாழைத்தாருக்கும் கோழிக்கூடைக்கும் நடுவே சைக்கிளும் மேலே போயிற்று. அந்த ஏணி போனபின் மிச்சம் இருப்பது பக்கவாட்டு டிக்கி. அதன் சாவி கண்டக்டரிடம். 2021-ல் கேரளப் போக்குவரத்து அமைச்சராயிருந்த ஆன்டனி ராஜு, அவ்வாண்டு நவம்பர் 1 முதல் நெடுந்தூர லோ-ஃப்ளோர், வோல்வோ, ஸ்கேனியா பஸ்களில் சைக்கிளையும் மின் ஸ்கூட்டரையும் கட்டணம் வாங்கி ஏற்ற வகை செய்யப்படும் என்று அறிவித்தார். அறிவிப்பு அமைச்சருடையது, டிக்கி கண்டக்டருடையது. இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்வதே மருதத்தின் பாடுபொருள். அதற்கு எடுத்துக்காட்டாக, மலையாளம் பேசும் கண்டக்டரோடு ஓர் உரையாடல்:

‘ஸார், டிக்கி காலியாத்தானே இருக்கு?’

‘ஸைக்கிள் கேற்றான் பற்றில்லா.’

‘இது சைக்கிள் இல்லை ஸார். கழற்றிப் பையில் போட்டாச்சு.’

‘பின்னெ எந்தா?’

‘ரெண்டு சக்கரம், ஒரு கம்பி, கொஞ்சம் சாமான்.’

‘ஓ, லக்கேஜ் ஆணோ? எங்கில் வெச்சோ.’

இந்த உரையாடலில் இந்நூலின் உட்கிடை முழுவதும் அடங்கும். பொருள் மாறவில்லை, பெயர் மாறிற்று, கதவு திறந்தது. ஊடல் தீர்க்கும் வாயில்களுள் துணிப்பையே தலையாயது என்க.

நெய்தல். உரிப்பொருள், இரங்கல். பொழுது, எற்பாடு. நீர்வழியில் சைக்கிளைக் கொண்டுபோவது. ஏழு திணையுள்ளும் இதுவே கட்டல் வேண்டாதது, கழற்றல் வேண்டாதது. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே ஓடும் வாகனப் படகில் காரும் லாரியும் ஏறும் பலகை வழியே சைக்கிளையும் உருட்டிக்கொண்டு ஏறலாம், அக்கரையில் உருட்டிக்கொண்டு இறங்கலாம்.

இரங்குவதற்குக் காரணம், திருவனந்தபுரத்துக்கு அது இல்லாமைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராணி கௌரி பார்வதி பாயியின் பெயரால் வெட்டிய பார்வதி புத்தனாறு வழியே வள்ளக்கடவிலிருந்து வடக்கே படகுகள் போயின. அந்த நீர்வழிக்காக வர்க்கலையில் குன்றையே குடைந்தனர். இன்று புத்தனாற்றில் மிதப்பது பெரும்பாலும் ஆகாயத்தாமரை. கரையில் சைக்கிளோடு நின்று நீரைப் பார்த்துவிட்டு, தம்பானூருக்கே திரும்பிப் போவதுதான் இவ்வூர் நெய்தலுக்குரிய மெய்ப்பாடு.

இனிப் புறத்தே நிற்கும் இரண்டு.

கைக்கிளை. ஒருதலைக் காமம். 2023 ஏப்ரல் 25 அன்று திருவனந்தபுரத்தில் காசர்கோட்டுக்குக் கொடியசைத்த வந்தே பாரத் ரயிலைச் சைக்கிள்காரர்கள் எல்லோரும் விரும்பினர். எட்டு மணி நேரத்தில் மாநிலத்தின் மறுமுனை. அங்கிருந்து கடற்கரையோரமாக மிதித்துத் திரும்பலாம் என்று கனாக் கண்டனர். அந்த ரயிலில் பிரேக் வேன் இல்லை, பார்சல் இல்லை, வரம்போ 22.5 சென்டிமீட்டர். அது இவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சொல்லெதிர் பெறாமல் நடைமேடையில் நின்று வெள்ளை முகப்பைப் போட்டோ எடுத்துக்கொள்வதே இத்திணையின் எல்லை.

பெருந்திணை. பொருந்தாக் காமம். விமானம். 1932-ல் தொடங்கிய திருவனந்தபுரம் விமான நிலையம் தம்பானூரிலிருந்து சில கிலோமீட்டர்தான். வண்டியை ஓட்டிக்கொண்டே போய்விடலாம். பொருத்தமின்மை அங்கே தொடங்குகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டர் என்பது விமானப் பெட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பு. சைக்கிளை அடைத்த அட்டைப்பெட்டியைக் கூட்டினால் 240-ஐத் தாண்டும். உள்நாட்டுச் சாதா டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோ இலவசம். அதைச் சைக்கிளே தின்றுவிடும், மாற்றுச்சட்டைக்குக் கட்டணம். டயரில் காற்றை இறக்கச் சொல்வர். மின்வண்டியாயின் பேட்டரி 160 வாட்-மணியைத் தாண்டினால் பயணி விமானத்தில் ஏற்றவே முடியாது. சைக்கிள் பேட்டரிகளோ பொதுவாக அதன் இரண்டு மூன்று மடங்கு. ஆகவே மின்வண்டிக்குப் பெருந்திணையும் இல்லை.

கட்டியல்

கட்டு ஐவகைப்படும்: வெறுங்கட்டு, சாக்குக்கட்டு, பெட்டிக்கட்டு, பைக்கட்டு, பேழைக்கட்டு.

வெறுங்கட்டு, அட்டை மட்டும் தொங்குவது. முழுவண்டிக்கு உரியது. சாக்குக்கட்டு, ரயில் நிலைய வாசலில் கட்டித் தருவோர் கட்டுவது. வைக்கோல் அல்லது பழைய அட்டை, அதன்மேல் சாக்கு, அதன்மேல் சணல், கோணி ஊசியால் தையல். அவர்கள் கைக்கு வேகம் அதிகம். பெயின்ட் உரியும் இடங்கள் எவை என்பது உங்களுக்குத்தான் தெரியும் என்பதால் அந்த இடங்களில் துணியை நீங்களே முன்னதாகச் சுற்றிவிடுக. சாமானை முன்கூட்டியே சேர்க்க விரும்புவோர்க்குச் ‘சாலை’ என்னும் கடைத்தெரு நடைதூரத்தில் உண்டு. சாக்கு, கயிறு, பழைய துணி, எதைக் கேட்டாலும் அங்கே ஒரு சந்து கிடைக்கும். அந்தத் தெருவிலேயே பாத்திரக்கடை வைத்திருந்து அதைத் தமிழ்க் கதைகளாக்கிய ஆ. மாதவனுக்கு 2015-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது என்பதால், கயிறு வாங்கப் போகிறவர் இலக்கிய யாத்திரையும் செய்தவராவார்.

பெட்டிக்கட்டு, புதுச் சைக்கிள் கடைக்கு வந்திறங்கும் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி அடைப்பது. கடைக்காரருக்கு அது குப்பை, நமக்கு அது கோட்டை. விமானத்துக்கு இதுவே ஏற்றது. பைக்கட்டு, துணிப்பையில் இட்டுத் தோளில் மாட்டுவது. பஸ்ஸின் டிக்கிக்கு ஏற்றது. பேழைக்கட்டு, கடினப் பிளாஸ்டிக் பெட்டி. பாதுகாப்பில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் ஊர் சுற்றப் போகிறவர் ரயிலை விட்டு இறங்கியதும் இந்தப் பேழையை எங்கே வைப்பார் என்ற வினாவுக்கு எந்த உரையாசிரியரும் விடை கூறவில்லை.

கழற்றும் வரன்முறை ஏழு. முதலாவது, விளக்கு, பம்பு, தண்ணீர் பாட்டில் ஆகிய கைக்கு வருவன அனைத்தையும் நீக்குக. அவை பிறர் கைக்கும் வரும். இரண்டாவது, சீட் தண்டில் உயரக் குறியாக டேப் ஒட்டியபின் இறக்குக. மூன்றாவது, பெடல். இதற்கு 15 மி.மீ. ஸ்பேனர். வலது பெடல் உலகத்து நட்டுகளைப் போல இடஞ்சுழியாகக் கழலும். இடது பெடலின் மரை எதிர்மரை, வலஞ்சுழியாகவே கழலும். இதை அறியாதார் இடது பெடலைக் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கி, ரயிலைத் தவறவிடுவர். நான்காவது, ஹேண்டில்பாரைத் தளர்த்திச் சட்டத்துக்கு இணையாகத் திருப்புக. ஐந்தாவது, முன்சக்கரத்தைக் கழற்றினால் ஃபோர்க்கின் இரு முனைக்கும் நடுவே ஒரு மரத்துண்டு வைக்க; இல்லையேல் நசுங்கும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்காயின் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகுக; சக்கரம் இல்லாதபோது யாராவது லீவரை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். ஆறாவது, கியரை மாற்றும் பின் டிரெய்லியரைக் கழற்றிச் சட்டத்தின் உட்புறமாக டேப் போட்டு ஒட்டுக. அதைத் தாங்கும் ஹேங்கர் என்னும் சிறு அலுமினியத் துண்டு, சட்டம் தப்ப வேண்டும் என்பதற்காகத் தான் வளையும்படி செய்யப்பட்டது. அது தன் கடமையைத் தவறாமல் செய்யும். ஆகவே மாற்று ஹேங்கர் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருத்தல் சிறப்பு. ஏழாவது, கழற்றிய திருகுகளை அந்தந்தத் துளையிலேயே மறுபடி முடுக்கி வைக்க. ‘பத்திரமாக’ வைத்த திருகு கிடைத்ததாக வரலாறு இல்லை.

இங்கே ஒரு தடையும் விடையும். ‘எவ்வளவு கழற்றுகிறோமோ அவ்வளவு பத்திரம்’ என்பது ஒரு கொள்கை. பிரேக் வேனைப் பொறுத்தவரை அது பொருந்தாது. உருளுகிற பொருளைப் போர்ட்டர் உருட்டிக்கொண்டு போவார், ஏனெனில் அது அவருக்கும் எளிது. உருளாத பொருளைத் தூக்க வேண்டும்; தூக்கியதை இறக்க வேண்டும்; இறக்குவதற்கும் போடுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு அன்றைய வெயிலைப் பொறுத்தது. மேலும் நின்ற சைக்கிளின்மேல் எவரும் மீன் பெட்டி அடுக்கார். படுத்த மூட்டையின்மேல் அடுக்குவர். ஆகவே பாலைக்கு இரண்டு சக்கரமும் இருக்க, பெடல் மட்டும் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, சட்டத்துக்கு மட்டும் சாக்கு சுற்றுவதே தக்கது. மருதத்துக்கும் பெருந்திணைக்கும் ஏழும் செய்க. இதுவே முடிபு.

மாந்தரியல்

சைக்கிள் ஏற்றும் இடத்தில் கூடும் மாந்தர் நால்வகையர்: பதிவோர், சுமப்போர், நோக்குவோர், வினவுவோர்.

பதிவோர் படிவத்தின் பக்கம் நிற்பவர். இவர்களிடம் விதி பேசற்க; இவர்களுக்கு அது தெரியும். ‘எந்த ரயிலில் இடம் இருக்கும்?’ என்று கேட்க. அது இவர்களுக்கு மட்டுமே தெரியும். சுமப்போர் உண்மையான அதிகாரிகள். வண்டி எந்த மூலையில், எதன்மேல், எதன்கீழ் நிற்கும் என்பது அவர்கள் கையில். தம்பானூரில் அவர்களை ‘அண்ணா’ என்று விளிக்க. எர்ணாகுளம் தாண்டினால் ‘சேட்டா’ என்க. இரண்டையும் இடம் மாற்றிச் சொன்னால் குற்றமில்லை, புன்னகை வரும். அதுவும் வண்டிக்கு நல்லது.

நோக்குவோர் கேரளத்துக்குத் தனிச்சிறப்பாக இருந்தவர். சுமை தொழிலாளர்க்கென்று 1978-லேயே சட்டம் கண்ட மாநிலம் இது. பிறர் இறக்கும் சுமையைப் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேட்கும் கூலிக்கு நோக்குகூலி என்று பெயர். 2018 மே 1 அன்று, தொழிலாளர் தினத்திலேயே, அரசு அதை முடித்துவைத்தது. இப்போது நோக்குவது இலவசம். சைக்கிளைக் கழற்றி நடைமேடையில் பரப்பினால் அந்த இலவசத்தின் அளவு விளங்கும்.

வினவுவோர் எண்ணிறந்தோர். இவர்களின் வினா ஒன்றே: ‘இது ஓடிச்சோண்டு போயால் போரே?’ ஓட்டிக்கொண்டே போனால் போதாதா? சைக்கிளை ரயிலில் ஏற்றும் ஒவ்வொருவரையும் நோக்கி இந்தியாவின் எல்லா மொழிகளிலும் கேட்கப்படும் இக்கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு. ‘லீவு இல்லை’ என்பது உண்மை விடை. ‘முழங்கால் வலி’ என்பது ஏற்கப்படும் விடை. ‘போகும்போது ஓட்டியாச்சு’ என்பது மதிப்பைத் தேடித்தரும் விடை. பொன்முடி மலைக்குப் போகிறவர் மட்டும் வாய் திறக்காமல் இருப்பது நலம். அந்த 22 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் ஏறிவிட்டு, கீழ்நோக்கி மட்டும் சைக்கிள் விடுவோர்க்கு எந்த விடையும் பொருந்தாது.

புறனடை

சொல்லாதொழிந்தவற்றை இங்கே கொள்க. 2020 நவம்பரில் கொச்சி மெட்ரோ சில நிலையங்களில் தொடங்கி, சைக்கிளைக் கழற்றாமல் கட்டாமல் அப்படியே ரயிலுக்குள் உருட்டிவர அனுமதித்தது. அங்கே இந்நூலுக்கு வேலை இல்லை. ஜப்பானில் வண்டியைக் கழற்றி முழுவதும் பைக்குள் அடைத்துவிட்டால் சாதாரணப் பயணி ரயிலில் கையோடு கொண்டுபோகலாம். அது மருதக் கண்டக்டரின் தீர்ப்பையே சட்டமாக்கிய நாடு. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் இயற்றிய ரயில் பயணிகள் உரிமை விதி, புதிதாக ரயில் வாங்கும் நிறுவனங்கள் அதில் நான்கு சைக்கிளுக்காவது இடம் வைக்க வேண்டும் என்கிறது. அதாவது, அங்கே சைக்கிளுக்கு என்று ஒரு திணை உண்டு, பெயர் உண்டு, கொக்கி உண்டு.

இங்கே இல்லாதது அதுவே. கன்னியாகுமரியிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடித் திப்ருகட் சேரும் விவேக் எக்ஸ்பிரஸும், வைஷ்ணோ தேவி கட்ரா வரை போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் திருவனந்தபுரம் வழியாகவே செல்கின்றன. காஷ்மீரிலிருந்து மிதித்து வந்தவரைக் காஷ்மீர்ப் பக்கமே திருப்பிக் கொண்டுபோக ரயில் இருக்கிறது. அவர் வண்டியைக் கொண்டுபோகப் பிரேக் வேனும் இருக்கிறது. இல்லாதது, அது சைக்கிள் என்ற பெயரிலேயே ஏறுவதற்கு உரிய இடம். அந்த இடம் இல்லாமையால்தான் அது ஒருமுறை மூட்டையாகவும், ஒருமுறை சாமானாகவும், ஒருமுறை பெட்டியாகவும் வேடம் போடுகிறது. நாம் கட்டுவது வண்டியைக் காப்பதற்கு என்று நினைக்கிறோம். பாதிக் கட்டு அதன் பெயரை மறைப்பதற்கே.

நூற்பயன்

இந்நூலைக் கற்றவர் அடையும் பேறு மூன்று. பஸ்ஸில் சைக்கிள் என்று சொல்லாமல் ஏற்றுவர். ரயிலில் சைக்கிள் என்று சொல்லி ரசீது பெறுவர். இவ்விரண்டையும் மாற்றிச் செய்து அல்லல்படார்.

ரயில்வேக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு விண்ணப்பம்: பிரேக் வேனின் சுவரில் இரண்டு கொக்கி, நெடுந்தூர பஸ்ஸின் டிக்கியில் ஒரு பட்டை, கட்டணப் பலகையில் ‘சைக்கிள்’ என்று ஒரு வரி. இவ்வளவு செய்தால் இந்நூல் முழுவதும் வழக்கொழியும். ஆக்கியோனுக்கு அதில் வருத்தம் இல்லை. அதுவரை வாசகர் செய்ய வேண்டியது: முந்தைய நாள் விசாரியுங்கள், ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போங்கள், ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள், மாற்று ஹேங்கரை மறக்காதீர்கள்.